டீச்சர் தாண்டாத பாலம்

"டென்ஷன் ஆகாதீங்க" என்று சொல்லி இந்த உலகத்தில் ஒருவருக்காவது டென்ஷன் குறைந்திருக்கிறதா? டீச்சருக்கு அது தெரிந்தாக வேண்டும். அதைச் சொன்ன டாக்டரிடமே கேட்டிருப்பார். கேட்க வாயெடுத்த நேரம் பார்த்து வயிறு முறுக்கிக்கொண்டு வந்துவிட்டது. எழுந்து ஓடிப் போய்விட்டுத் திரும்பி வந்தால், நாற்காலியில் அடுத்த நோயாளி உட்கார்ந்திருந்தார்.

டீச்சர் என்றால் பள்ளிக்கூடத்து டீச்சர் இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பிரேக்கும் ஆக்சிலேட்டரும் பிடிபடாத ஒருவர் கையில் ஸ்டீயரிங்கைக் கொடுத்துவிட்டு, பக்கத்து இருக்கையில் சிரித்த முகத்தோடு உட்கார்ந்திருக்கிற வேலை. கெட்டிக்காரர். கார் தவளை மாதிரி குதித்து நின்றாலும் குரல் உயராது. "பரவால்ல, திரும்ப ஸ்டார்ட் பண்ணுங்க" என்பார். அந்தக் குரல் விழுங்கிய பயத்துக்கெல்லாம் சேர்த்து வயிறு பதில் சொல்லிக்கொண்டிருந்தது. வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்று மற்றவர்கள் பேச்சுக்குச் சொல்வார்கள். டீச்சருக்கு நிஜமாகவே கரைக்கும். கரைத்த கையோடு கழிவறை எங்கே என்றும் கேட்கும்.

எல்லாப் பரிசோதனையும் செய்தாயிற்று. ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், குழாய் விட்டும் பார்த்தார்கள். குடலில் புண்ணும் இல்லை, கட்டியும் இல்லை. மனசு பதறினால் கூடவே பதறுகிற குடல், அவ்வளவுதான் என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். கொஞ்சம் கேட்டது. ஆனால் முதலில் வேலையை நினைத்துப் பயம், பிறகு நடுரோட்டில் வந்துவிடுமோ என்று பயம், அந்தப் பயத்தாலேயே அது வந்து நின்றது. யாரை நொந்துகொள்வது?

போதாக்குறைக்கு வீட்டுக்காரர். ஏசி மெக்கானிக். மனிதர் தங்கம், ஆனால் வாயில் பூட்டு கிடையாது. எந்த வீட்டில் ஏசியைக் கழற்றினாலும் கூடவே மனைவியின் வயிற்றையும் கழற்றிப் பரப்பிவிடுவார். சாயங்காலம் ஒரு வைத்தியத்தோடு வீடு திரும்புவார்.

"அந்த மாடி வீட்டம்மா பால அடியோட நிறுத்தச் சொல்றாங்க."

"முந்தாநேத்து யாரோ பால் குடிச்சா சரியாயிடும்னு சொன்னதா சொன்னீங்களே."

"அது கீழ் வீட்டுக்காரரு."

"என் வயித்த ஊரெல்லாம் கடை பரப்பாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது?"

"நல்லதுக்குத்தானேம்மா கேக்கறேன்."

நல்லதுக்கு என்று சொன்னபிறகு சண்டையும் போட முடிவதில்லை. டீச்சர் தனக்குத் தானே ஒரு வழி செய்துகொண்டார். நகரத்தில் எந்த பெட்ரோல் பங்கில் கழிவறை சுத்தமாக இருக்கும், எந்த ஆஸ்பத்திரியில் வாசலில் யாரும் நிறுத்திக் கேட்க மாட்டார்கள், எந்தக் கடையில் சாவி யாரிடம் இருக்கும், எல்லாம் அத்துப்படி. பாடம் நடக்கிற தெருக்களும் அந்த வரிசைப்படியே அமைந்தன. பெட்ரோல் பங்குக்கு எதிரே வலது பக்கம் திரும்பக் கற்றுக்கொண்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ரிவர்ஸ் எடுத்துப் பழகினார்கள். "இங்கயே நில்லுங்க, கண்ணாடியப் பாத்துப் பழகுங்க, இதோ வந்துடறேன்" என்று டீச்சர் மறைவது பாடத்தின் ஒரு பகுதி என்றே பலர் நினைத்திருந்தார்கள். இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று அவரும் இருந்துவிட்டார்.

ஆற்றுப் பாலத்துக்கு மட்டும் அவர் யாரையும் கூட்டிப்போனதில்லை. நீண்ட பாலம். ஓரம் கட்ட இடமில்லை, பாதியில் திரும்ப வழியில்லை, காலை மாலை இரண்டு வேளையும் வண்டிகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். நினைத்தாலே அடிவயிறு இழுத்துப் பிடிக்கும். யாராவது கேட்டால், "பாலத்துல என்ன இருக்கு, நேரா போற ரோடுதானே" என்று சொல்லிவிடுவார். லைசென்ஸ் தேர்வு ஒரு மைதானத்தில் நடந்ததால் அவரிடம் கற்றவர்கள் எல்லாரும் தேறிப் போனார்கள்.

இப்படியே போயிருக்கும். ஒரு நாள் முதலாளி கூப்பிட்டார். அப்பாவுக்குப் பிறகு டிரைவிங் பள்ளியை எடுத்து நடத்துகிற இளைஞர். அவர் எதிரில் டீச்சரிடம் ஆறு மாதத்துக்கு முன்பு படித்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அக்கரையில் இருக்கும் கல்லூரியில் நூலகர்.

"சொல்லுங்கம்மா, என்கிட்ட சொன்னத டீச்சர்கிட்டயும் சொல்லுங்க" என்றார் முதலாளி.

லைசென்ஸ் வந்ததும் கார் வாங்கியிருக்கிறாள். முதல் நாளே பாலத்தில் ஏறியிருக்கிறாள். ஏற்றத்தில் முன்வண்டி நின்றதும் இவள் வண்டி பின்னால் உருண்டது. பின்னாலிருந்து ஹாரன், பக்கத்திலிருந்து வசவு. கையும் காலும் மரத்துப்போய் அழுதிருக்கிறாள். ஒரு போலீஸ்காரர் ஏறி உட்கார்ந்து வண்டியை அக்கரையில் கொண்டுபோய் விட்டாராம்.

"அன்னையிலேர்ந்து கார் உறை போட்டு நிக்குது. நான் ரெண்டு பஸ் மாறிப் போறேன். எல்லாம் நல்லா சொல்லிக்குடுத்தீங்க டீச்சர். பாலத்துக்கு மட்டும் ஏன் கூட்டிட்டுப் போகல?"

"நேரம் அமையல" என்றார் டீச்சர். சொன்ன பொய் அவருக்கே நாராசமாக இருந்தது.

அவள் வெளியே போனதும் முதலாளி குரலைத் தணித்தார். "நாளைக்குக் காலையில அவங்களப் பாலத்துல கூட்டிட்டுப் போயிட்டு வாங்க டீச்சர். முடியாதுன்னா தப்பில்ல, ஆபீஸ்லயே உக்காருங்க. ஃபோன் எடுக்க ஆள் வேணும்தான்."

வீட்டுக்காரருக்கு இதைக் கேட்டதும் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி ஆகிவிட்டது. "ஒத்துக்கோம்மா. பக்கத்துலயே பாத்ரூம். இதவிட என்ன வேணும்?"

"எனக்கு வேலை வேணும். பாத்ரூம் நம்ம வீட்லயே இருக்கு" என்று சொல்லிவிட்டு டீச்சர் திரும்பிப் படுத்துக்கொண்டார். முதல் தடவையாகத் தானாக கியர் மாற்றி, வண்டி சீராக ஓடும்போது, கற்றுக்கொள்பவர் முகத்தில் ஒரு திகைப்பு வரும். டீச்சர் வாழ்க்கையில் பெருமைப்பட்டுக்கொண்ட ஒரே விஷயம் அதுதான். அதையும் இந்தப் பாழாய்ப்போன வயிற்றுக்குத் தூக்கிக் கொடுக்க அவருக்கு மனமில்லை.

காலையில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினார். கழிவறைக்குப் போய்விட்டு வந்தார், செருப்பு மாட்டினார், கழற்றிவிட்டு மறுபடி போய்விட்டு வந்தார். பாலத்தின் நடு ஏற்றத்தில், எதிர்பார்த்தபடியே, முன்னாலிருந்த லாரி நின்றது. நூலகர் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்தபடி பிரேக்கை மிதித்தாள்.

"டென்ஷன் ஆகாதீங்க" என்றார் டீச்சர். அந்த வார்த்தை தன் வாயிலிருந்தே வந்ததைக் கேட்டு அவருக்குத் தன்மேலேயே எரிச்சலாக வந்தது. ஊருக்குத்தான் உபதேசம். அதே நேரம் அடிவயிற்றில் அது ஆரம்பித்தது. காதோரம் வியர்த்தது. முன்னாலும் வண்டி, பின்னாலும் வண்டி, இரண்டு பக்கமும் தண்ணீர்.

"எனக்கு வயித்தக் கலக்குதும்மா."

"எனக்கும்தான் டீச்சர்."

"உங்களுக்குக் கலக்கறது வேற. எனக்கு நிஜமாவே கலக்குது." பிறகு எல்லாவற்றையும் சொன்னார். பெட்ரோல் பங்க், ஆஸ்பத்திரி, கடைச் சாவி, கண்ணாடி பார்க்கச் சொல்லிவிட்டு ஓடியது, பாலத்தை ஒதுக்கியது, ஒன்றையும் விடவில்லை.

நூலகர் நேரே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்போ உங்க வயித்துக்காகத்தான் நான் இத்தன நாளா ரெண்டு பஸ் மாறினேனா?"

"ஆமா."

"முன்னாடியே சொல்லியிருந்தா வேற டீச்சர்கிட்டயாவது போயிருப்பேன்ல? அதச் சொல்றதுக்கு என்ன? ஊர்ல யாருக்குமே வயிறு இல்லையா?" அவளுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. லாரி நகர்ந்தது. அவள் முதல் கியரைப் போட்டு, கிளட்சைப் பதமாக விட்டு, ஓர் அங்குலம்கூடப் பின்னால் உருளாமல் ஏற்றத்தில் ஏறினாள். திட்டுவதை மட்டும் நிறுத்தவில்லை.

உண்மையைச் சொன்னதும் டீச்சரின் வயிறு அடங்கிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அடங்கவில்லை. அக்கரை வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்தில் எந்தக் கழிவறை எங்கே என்றும் அவருக்குத் தெரியாது. நூலகர்தான் நேரே கல்லூரிக்குள் கொண்டுபோய் நிறுத்தி, "படிக்குக் கீழ, இடது பக்கம்" என்றாள்.

திரும்பி வந்தபோது அவள் காரில் சாய்ந்து நின்றிருந்தாள். கோபம் ஆறியிருக்கவில்லை. "என்ன மாதிரி இன்னும் எத்தன பேரு?"

டீச்சர் யோசித்துப் பார்த்தார். மருந்துக்கடைக்காரர், தையல்காரம்மா, கல்யாணமாகி வந்த புதிதில் கற்றுக்கொண்ட ஒரு பெண். மருந்துக்கடைக்காரர் அக்கரையில் இருக்கும் மகளைப் பார்க்கப் பழைய ரோட்டில் சுற்றிக்கொண்டு போவதாகச் சொல்லியிருந்தார். பாலத்தில் ஒரே நெரிசல் என்று காரணம் சொன்னார். அன்றைக்கு டீச்சரும் தலையாட்டினார். இப்போது தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

முதலாளிக்கு ஃபோன் போட்டார். "தம்பி, வந்து சேந்துட்டோம். ஆபீஸ் வேலை எனக்கு வேணாம். என்கிட்டக் கத்துக்கிட்டுப் போனவங்க எல்லாரையும் திரும்ப வரச் சொல்லணும்."

"எதுக்கு டீச்சர்?"

"கார் ஓட்டறதோட பாலத்துக்குப் பயப்படறதையும் சேத்துக் கத்துக்குடுத்துட்டேன். அத எடுக்கணும்."

"எல்லாரையுமா? ஒவ்வொருத்தரா கூட்டிட்டுப் போய் வரணுமே. உங்களால முடியுமா?"

ஒவ்வொருவராக. தினமும் இந்தப் பாலம். போக ஒரு தடவை, வர ஒரு தடவை. டீச்சர் பதில் சொல்வதற்குள் வயிறு சொல்லிவிட்டது. "முடியணும் தம்பி, வைக்கறேன்" என்று ஃபோனை வைத்துவிட்டு நூலகரைப் பார்த்தார்.

"மறுபடியுமா?" என்றாள் அவள்.

"மறுபடியும்."

"போயிட்டு வாங்க" என்று சலித்துக்கொண்டே அவள் காரில் ஏறினாள். பக்கத்தில் யாரும் இல்லாமல், வண்டியை முன்னும் பின்னும் எடுத்து, பாலத்தைப் பார்க்கத் திருப்பி நிறுத்தி வைத்தாள்.