ஏட்டு செல்லையா எழுதிய மாதக் கடைசி வழக்கு

செவ்வாய்க்கிழமை காலை எங்கள் பத்திரிகை அலுவலக வாசலில் பனையேறி பொன்னு நின்றிருந்தார். "ஏட்டையா போயிட்டாவ, சார். நெஞ்சுவலி" என்றார். செல்லையா பலமுறை கைது செய்த மனிதரே அவருடைய மரணச் செய்தியைக் கொண்டுவந்திருந்தார்.

செல்லையா அவர்கள் தூத்துக்குடிக்கு வடக்கே, கடற்கரைக் கிராமம் ஒன்றின் சிறிய காவல் நிலையத்தில் வழக்குகளை எழுதும் ரைட்டராக இருந்தவர். மாதம் முடிந்ததும் அங்கிருந்து ஓர் அறிக்கை மேலே போக வேண்டும். அதில் சாராய வழக்குகள் நிறைய இருந்தால் நிலையம் சுறுசுறுப்பு. அடிதடி இல்லாவிட்டால் ஊர் அமைதி. மதுவிலக்கு திரும்பி வந்த பிறகு கணக்குக்காகப் பொய் வழக்குப் போடும் இந்த அசிங்கத்துக்கு ஓர் ஒழுங்கே ஏற்பட்டிருந்தது. ஊரில் ஏழெட்டு ஏழைகள் முறை வைத்துப் பிடிபட்டார்கள்.

ஒரு மாதக் கடைசியில் நான் அங்கிருந்தபோது பொன்னுவைக் கூட்டி வந்தார்கள்.

"ஏட்டையா, போன மாசந்தான நான் குடிச்சேன்? இது மாடசாமி முறைல்லா?"

"அவன் மாமியா வீட்டுக்குப் போயிட்டான்டே. இந்தத் தடவையும் நீயே குடி."

சாராயத்தைத் தொட்டறியாத பொன்னு கைநாட்டு வைத்துவிட்டுப் போனார். செல்லையா என் பக்கம் திரும்பி, "என் கையெழுத்து அழகு, அண்ணாச்சி. பொய்கூட லெச்சணமா இருக்கும்" என்றார். சிரிக்கவில்லை. 'சாராய வேட்டை' என்று மறுநாள் அதைப் போலீஸ் சொன்னபடியே அச்சேற்றியவன் நான்தான். நினைத்தால் இன்றும் வாய் கசக்கிறது.

மற்றொரு மாதக் கடைசியில் லூர்தம்மாள் வந்தார். அவர் கணவர் கடலில் மூழ்கிச் சங்கு குளிப்பவர். வேறு தோணிக்குப் போகிறேன் என்றதற்காக தோணி முதலாளியின் ஆட்கள் துடுப்பால் அடித்ததில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இன்ஸ்பெக்டர் நாற்காலியை விட்டு எழவில்லை.

"அடிதடி இல்லைன்னு எழுதியாச்சு. ஒண்ணாந்தேதி வா."

"அதுவரைக்கும் அவரு உசுரோட இருப்பாருன்னு எழுதித் தருவியளா?" என்று கேட்டார் லூர்தம்மாள்.

இன்ஸ்பெக்டர் சாப்பிடப் போனதும் செல்லையா புத்தகத்தைத் திறந்து புகாரைப் பதிந்தார். முதல் தகவல் அறிக்கையின் நகலை, கான்ஸ்டபிளிடம் கொடுத்தனுப்பும் வழக்கத்தை விட்டு, தாமே சைக்கிளில் கொண்டுபோய் நீதிமன்றத்தில் சேர்த்தார். இனி யாராலும் அதைக் கிழிக்க முடியாது. அங்கிருந்தே ஆஸ்பத்திரிக்குப் போய், அடிபட்டவர் வாயாலேயே வாக்குமூலம் வாங்கினார். மறுநாள் அந்த மனிதர் இறந்தார். அந்த வாக்குமூலம்தான் அடித்தவர்களைச் சிறைக்கு அனுப்பியது.

அதற்குத் தண்டனையாகச் செல்லையாவைக் கடற்கரையை விட்டுத் தொலைவான ஒரு நிலையத்துக்கு மாற்றினார்கள். அதன்பின் அவர் கையில் பேனாவே கொடுக்கவில்லை, வாசலில் பாரா நிற்கும் வேலைதான். ஒருமுறை பார்த்தபோது, "அந்த ஒரு மாசந்தான் அண்ணாச்சி அறிக்கை சரியா போச்சு" என்றார்.

இறுதிச் சடங்குக்கு அந்த இன்ஸ்பெக்டரும் வந்தார். இப்போது இன்னும் பெரிய அதிகாரி. மாலை போட்டுவிட்டு, "அந்தக் கேஸைப் பதியச் சொன்னதே நான்தான். செல்லையா என் வலது கை" என்று பேசினார். சுற்றியிருந்த காக்கிச் சட்டைகள் தலையாட்டின.

பெண்கள் பக்கமிருந்து லூர்தம்மாள் எழுந்தார். "ஒண்ணாந்தேதி வான்னுதான் சொன்னிய. அதுக்கு முன்னாடி செத்துப்போனாருல்லா?" என்றார். தலையாட்டல் நின்றது. அதிகாரி தொப்பியை எடுத்துக்கொண்டு ஜீப்பைத் தேடினார். பாடை எழுந்தபோது முதலில் தோள் கொடுத்தவர் பொன்னு.

போய் வாருங்கள், செல்லையா. உங்களைப் பற்றிய இந்தச் செய்தியை யாரும் சொல்லி நான் எழுதவில்லை.