ஐந்து வருடமாகக் கை கழுவும் பயிற்சி

நாத்தனார் அண்ணியைப் புகழ்ந்தால் யாரும் நம்ப மாட்டார்கள். நான் புகழவில்லை, வயிற்றெரிச்சலில் சொல்கிறேன்.

அண்ணி நர்ஸ். மலைமேல் இரண்டு அறைச் சுகாதார நிலையத்தில் பதினோரு வருடமாக ஒற்றை ஆள். ஊசி, கட்டு, பிரசவம், ஒட்டடை அடிப்பது எல்லாம் அவள்தான். டாக்டர் முகத்தைப் பார்க்க மூன்று மணி நேரம் பஸ்ஸில் மலையிறங்க வேண்டும்.

வருடம் தவறாமல் பயிற்சிக்குக் கீழே கூப்பிடுவார்கள். ஐந்து வருடமாக ஒரே பாடம்: கை கழுவுவது எப்படி. விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு. முடிந்ததும் ஒரு சான்றிதழ், ஒரு போட்டோ. போன வருடம், மூச்சு விடாத பச்சைக் குழந்தைக்குக் காற்றுக் கொடுக்கும் ரப்பர் பையும் முகமூடியும் பெட்டியில் வந்தன. கூடவே மங்கிய படம் போட்ட ஒரு காகிதம். இதைச் சொல்லிக்கொடுங்கள் என்று அண்ணி நான்கு கடிதம் போட்டாள். கிணற்றில் போட்ட கல்.

மழைக்காலத்தில் ஒரு குழந்தை அழாமல் பிறந்தது. கூடமாட உதவிக்கு நான் பக்கத்தில்தான் நின்றேன். பெரியவர்களுக்குச் செய்வதுபோல அதன் தலையை நன்றாகப் பின்னால் சாய்த்து, முகமூடியை வைத்துப் பையை அமுக்கினாள். நெஞ்சு எழும்பவே இல்லை. மறுபடி மறுபடி அமுக்கினாள். குழந்தை போய்விட்டது. பெற்றவள் அண்ணியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தாலாவது அண்ணி தூங்கியிருப்பாள்.

போன வாரம் அந்த ரப்பர் பைக்கான பயிற்சியே கீழே நடந்தது. யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, நிலையத்தைப் பூட்டிவிட்டு முதல் பஸ்ஸில் போனோம். மேஜைமேல் ஒரு பொம்மைக் குழந்தை. எங்கள் பகுதிக்கு ஒதுக்கிய ஒரே நாற்காலியில் சுகாதார அதிகாரியின் ஆபீஸ் கிளார்க் உட்கார்ந்திருந்தார். ஃபைலுக்கு மூச்சு நின்றால் காப்பாற்றுவார் போலிருக்கிறது.

“லிஸ்ட்ல உங்க பேரு இல்லியேம்மா,” என்றார் அதிகாரி. “அடுத்த மாசம் கை கழுவுற ட்ரெயினிங் இருக்கு, அதுக்கு வந்துடுங்க.”

“நீங்க எங்களைக் கை கழுவி ரொம்ப நாளாச்சு சார். அதுல உங்களுக்குத்தான் சர்டிபிகேட் குடுக்கணும்,” என்றாள் அண்ணி. நேராக மேஜைக்குப் போய் முகமூடியை எடுத்து, அன்று செய்ததை அப்படியே பொம்மைக்குச் செய்து காட்டினாள்.

பயிற்சி கொடுக்க வந்த டாக்டரம்மா அவள் கையைப் பிடித்தார். “இவ்ளோ சாய்க்கக் கூடாதும்மா. பச்சக் குழந்தைக்கு மூச்சுக்குழாய் அடைச்சுக்கும். தோளுக்கடியில ஒரு துணிய மடிச்சு வைங்க, தலை நேரா வரும். இப்ப அமுக்குங்க.”

பொம்மையின் நெஞ்சு எழும்பியது. அரை நிமிடம்கூட ஆகவில்லை.

“இவ்ளோதானா?” என்றாள் அண்ணி. பிறகு அதிகாரியின் பக்கம் திரும்பிக் கத்தினாள். “இவ்ளோதானா சார்?”