சுவரில் இரண்டு முளைகள்

எங்கள் வீட்டுச் சுவரில் சட்டை மாட்ட இரண்டு மர முளைகள் இருக்கின்றன. ஒன்று, ஆண்பிள்ளை கையை உயர்த்தினால் எட்டும் உயரத்தில். இன்னொன்று அதற்கு நேர் கீழே, இடுப்புக்குச் சற்று மேலே. மேல் முளை என் மாமனார் வீடு கட்டும்போது அடித்தது. கீழ் முளையை அடித்தவள் நான். போன வாரம் பொங்கலுக்கு வெள்ளையடிக்க சுண்ணாம்புச் சட்டியோடு நின்ற என் மகன், "இன்னாம்மா இது, கொழந்தைக்கு அடிச்ச மாதிரி இவ்ளோ கீழ. போறப்ப வர்றப்ப இடுப்புல இடிக்குது. புடுங்கிடட்டுமா?" என்று கேட்டான். வேண்டாம், அதன் மேலேயே சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போ என்றேன். அவன் அப்பா அந்த முளையைப் பற்றி அவனிடம் பேசியதில்லை. என்னிடமும் பேசியதில்லை.

என் வீட்டுக்காரர் பந்து போடுகிறவராக இருந்தவர். கிரிக்கெட் பந்து. அதைப் பிழைப்பு என்று சொன்னால் எங்கள் தெருவில் சிரிப்பார்கள், எங்கள் பக்கத்துப் பிழைப்பெல்லாம் தோல்தான். அவர் பிழைப்பும் தோல்ஷாப்பில்தான் ஆரம்பித்தது. தோல் பதனிடும் இடத்தை நாங்கள் ஷாப்பு என்போம். சத்துவாச்சாரியைத் தாண்டிப் பாலாற்றங்கரையில், மேல்விஷாரத்துச் சாயபு ஒருவர் நடத்திய ஷாப்பு அது. தோலின் உட்பக்கத்திலிருந்து சுரண்டிப்போட்ட சவ்வு முற்றத்தில் குவிந்து கிடக்கும். அதைத் தின்ன வரும் பருந்தும் நாயும் காயப்போட்ட தோலையும் இழுத்துக் கிழித்துவிடும். அவற்றை மண்ணாங்கட்டியால் அடித்து விரட்டுவது இவர் வேலை. பருந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று பார்த்து, அது திரும்புகிற இடத்துக்குக் கட்டியை அனுப்புவாராம். தோல் வாங்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, வேலூர்க் கோட்டை மைதானத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார். அங்கே போனால் எறியவே கூடாது என்றார்களாம். முழங்கை மடங்காமல் கையைத் தலைக்கு மேல் சுற்றிவிட வேண்டும். முழங்கையில் மூங்கில் பட்டையை வைத்துக் கட்டிக்கொண்டு, மழைக்காலம் முழுக்க ஷாப்புச் சுவரில் பந்து போட்டுப் பழகினார் என்று மாமனார் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

துரைமாருக்கு மட்டை பிடிப்பதில்தான் ஆசை. வெயிலில் ஓடி ஓடிப் பந்து போட அவர்களில் எவருக்கும் பொறுமை இல்லை. அதனால் கூலிக்கு ஆள் வைத்துக்கொண்டார்கள். மாலை முழுக்க அவர் போட வேண்டும், அவர்கள் அடிக்க வேண்டும். ஆனால் அவர் போட்டதை அடிப்பது லேசில்லை. பந்து தரையில் பட்டு எழும்புகிற வேகத்தில் துரைகள் பின்னால் ஒதுங்குவார்கள், அவர்களுக்குப் பின்னால் நட்டிருக்கும் குச்சி பறக்கும். அந்தக் கைக்குப் பேர் பரவி முதலில் கொழும்புக்குக் கூப்பிட்டார்கள், அப்புறம் பினாங்குக்கு. பந்து போடுவதற்காக ஒருவனைக் கப்பலில் ஏற்றுவார்களா என்று ஊரே வாய் பிளந்தது. பக்கத்து வீட்டு அத்தை மட்டும், "அந்த ஊர்ல கல்லு கெடைக்கலியா, நம்ம ஊர்லேர்ந்து ஆள் கொண்டுபோய்ப் போடணுமா?" என்றாள். இவர், "கல்லு கெடைக்குது அத்தை, குறிதான் கெடைக்கல" என்றார். இத்தனை வருஷத்தில் மட்டை அவர் கைக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை. கேட்கவேண்டும் என்றும் அவருக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை.

நானோ பயந்த பிறவி. அம்மா போனபிறகு தம்பிகளைப் பார்த்துக்கொள்ள மிஷன் பள்ளிக்கூடத்தை மூன்றாம் வகுப்போடு விட்டவள். எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தது பயத்துக்குத்தான் உதவியது. கடலில் புயல் என்று யாராவது பேப்பரில் படித்தால் வாங்கி நானும் ஒரு தடவை படிப்பேன். காற்றடித்தால் கப்பல், வெயிலடித்தால் காய்ச்சல், கடுதாசி வந்தால் இன்னா எழுதியிருக்குமோ, வராவிட்டால் ஏன் வரவில்லை. எனக்கும் ஷாப்பில்தான் கூலி வேலை; தோல் பதனிட ஆவாரம்பட்டை இடிக்கும்போது உலக்கை ஒரு பக்கம் போகும், மனசு கடல் பக்கம் போகும். ஆனால் அவர் கையைப் பற்றி மட்டும் நான் கவலைப்பட்டதே இல்லை. அது கவலைப்படுகிற பொருளாகவே எனக்குத் தெரியவில்லை.

பினாங்கிலிருந்து அவர் திரும்பிய மறுநாள் தலை வாரிக்கொண்டார். சீப்பு இடது கையில் இருந்தது. சாப்பிடும்போது கவளத்தோடு கை வாய்வரை போகாமல், தலை தட்டை நோக்கிக் குனிந்தது. மகனைத் தூக்கினார், தோளுக்கு மேலே தூக்கவில்லை. இன்னாங்க ஆச்சு என்று கேட்டதற்கு, "கப்பல்ல படுத்தது சரியில்ல, புடிச்சுகிச்சு" என்றார். அப்புறம் ஒரு நாள் விளக்கெண்ணெய் போட்டு உருவிவிடும்போது அவராகவே சொன்னார். அங்கே தினமும் மழை. நனைந்த புல்லில் ஓடிவந்து கையைச் சுற்றும்போது கால் வழுக்கியிருக்கிறது. "ஈரத்தோலு கிழியற மாதிரி ஒரு சத்தம். எனக்கு மட்டுந்தான் கேட்டுச்சு." அதற்குப் பிறகும் பல்லைக் கடித்துக்கொண்டு அக்ரிமெண்டு முடியும்வரை போட்டிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் அதற்கும் வழியில்லை. பட்டாளத்து டாக்டர் துரை கோட்டை மைதானத்தில் மட்டை பிடிக்கிறவர். அவருக்குத் தெரிந்தால் கோட்டைக்கே தெரிந்த மாதிரி. ரங்கூனிலிருந்து ஒரு துரை வருகிறார், இவர் பந்தைப் பார்த்து, பிடித்தால் அழைத்துப் போகப் போகிறார் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். அது போனால் மிச்சம் ஷாப்புதான். சுண்ணாம்புக் குழியிலிருந்து நனைந்த தோலை இழுத்துப்போட அந்தக் கையால் ஆகுமா. விரிஞ்சிபுரம் பக்கத்து வைத்தியர் ஒருவரிடம் யாருக்கும் சொல்லாமல் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டார். பகலில் கட்டைப் பிரித்துவிட்டு வெளியே போவார்.

தினமும் வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி மேல் முளையில் மாட்டுவது அவர் பழக்கம். இப்போது அதை மாட்டுவதற்குள் நெற்றி வியர்த்தது. சுவரில் இடது கையை ஊன்றி, வலது கையைச் சுவரோடு சுவராக நகர்த்தி மேலே ஏற்றுவார். நான் அடுப்பைப் பார்ப்பது போல இருப்பேன். ஒரு நாள் அவர் இல்லாதபோது ஒரு வேப்பங்கட்டையைச் சீவி, கீழே அடித்தேன். அது நல்லதென்றுதான் அடித்தேன். வந்தவர் பார்த்தார். குதிகாலைத் தூக்கி எக்கி, மேல் முளையிலேயே மாட்டினார். அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் அப்படியே. கீழ் முளை வெறுமனே நீட்டிக்கொண்டு நின்றது. அதைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. பிடுங்கிவிடலாமா என்று யோசிப்பேன், பிடுங்கினால் அதுவும் ஒரு பேச்சாகிவிடுமே என்று விட்டுவிடுவேன்.

ரங்கூன் துரை வந்த அன்று நான் வேலைக்குப் போகவில்லை. அத்தையைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு கோட்டைக்குப் போய், மைதானத்துக்கு வெளியே நின்றேன். மட்டையோடு முதலில் வந்தவர் அந்த டாக்டர் துரைதான். வழக்கமாக இவர் தூரத்திலிருந்து ஓடிவருவார். அன்று கொஞ்ச தூரம் நடந்த மாதிரி வந்தார். கை காதுக்குமேல் போகவில்லை. பந்து மிதந்து மிதந்து போனது, பிள்ளைகள் விளையாடும் பந்து மாதிரி. டாக்டர் துரை அடித்த அடியில் எல்லைக் கயிற்றைத் தாண்டி ஓடியது. "இன்னாடி இது, இவன் போடறானா, குடுக்கறானா?" என்றாள் அத்தை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். எல்லாம் போச்சு என்று நினைத்தேன். ஷாப்பு, குழி, அந்தக் கை, பள்ளிக்கூடம் போகவேண்டிய பிள்ளை, எல்லாம் ஒன்றாக வந்து நின்றது. ஆனால் காதில் கைதட்டல் கேட்டது. கண்ணைத் திறந்தால் துரைமார் எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் வந்து அடிக்கிறார்கள். முன்பெல்லாம் இவர் பந்துக்கு ஒதுங்கியவர்கள்கூட முன்னால் காலை வைத்து விளாசுகிறார்கள். கடைசியில் ரங்கூன் துரையே மட்டையை வாங்கி அடித்தார். ஆடி முடிந்து முகமெல்லாம் சிவந்து, இவரிடம் வந்து கையை நீட்டினார். இவர் முழங்கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு கை கொடுத்தார்.

வேலை கிடைத்துவிட்டது. நான் அத்தையை விட்டுவிட்டு அவருக்கு முன்னால் வீட்டுக்கு ஓடிவந்து அரிசி களைந்து உலையில் போட்டேன். அவ்வளவு சந்தோஷம். அவர் வந்தார். சட்டையைக் கழற்றினார். மேலே பார்க்கவேயில்லை, கீழ் முளையில் மாட்டினார். மாட்டிவிட்டு உட்கார்ந்து, "அவங்களுக்கு அந்தக் கை வேணாம் போல. இந்தக் கைதான் புடிச்சிருக்கு" என்றார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். "எப்படியோ கெடைச்சுச்சே" என்றேன். "கெடைச்சுச்சு" என்றார். கவலைப்படுகிறவளுக்கும் குறி தப்பும் என்று அன்று தெரிந்துகொண்டேன். நான் வேலை போய்விடுமோ என்று பயந்துகொண்டிருந்தேன். அவருக்கு வேறொன்று போயிருந்தது. அதற்காகப் பயப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ரங்கூனில் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்களாம். ஒரு அக்ரிமெண்டு முடிந்து இன்னொன்று, அதுவும் முடிந்து இன்னொன்று. மகன் படித்தான், வீட்டுக்கு ஓடு போட்டோம். இடையில் ஊருக்கு வந்தபோதெல்லாம் சட்டை கீழ் முளையில்தான் தொங்கியது. எனக்கும் அது பழகிவிட்டது. பிறகு அங்கே நம் ஊர்க்காரர்களுக்கும் அந்த ஊர்க்காரர்களுக்கும் மனக்கசப்பு வளர்ந்து, ஊருக்கே வந்துவிட்டார். சாயபு பழைய பழக்கத்துக்கு ஷாப்பு வாசலில் காவல் வேலை கொடுத்தார்.

ஒரு நாள் மத்தியானம் நாங்கள் பெண்கள் பட்டை இடித்துக்கொண்டிருக்கிறோம். பருந்து ஒன்று காயும் தோல்மேல் இறங்கியது. யாரோ கத்தினார்கள். வாசலில் உட்கார்ந்திருந்தவர் எழுந்தார், குனிந்தார். கை தலைக்குமேல் முழுசாகச் சுற்றியது. மண்ணாங்கட்டி பருந்தின் முன்னால் போய், அது திரும்பிய இடத்தில் அதன் இறக்கையில் பட்டது. உலக்கைச் சத்தம் எல்லாம் நின்றுவிட்டது. "அட, தாத்தா கை இன்னும் கெட்டியா கீதே" என்றாள் ஒருத்தி. அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, திருடியவர் மாதிரி என்னைப் பார்த்தார்.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன். "எப்பலேர்ந்துங்க?"

"ரங்கூன் போன ரெண்டாம் வருஷமே சரியாய்டுச்சு. மொதல்ல காலைல கொஞ்சம் புடிக்கும். அப்புறம் அதுவும் இல்ல."

"அப்ப ஏன் பழைய மாதிரி போடல?"

"அக்ரிமெண்டு இந்தக் கைக்கு இல்லடி. அந்த வலிச்ச கைக்கு. இந்தக் கையால போட்டிருந்தா அடுத்த கப்பல்ல அனுப்பியிருப்பான்."

"ஒரு தடவகூட போடலியா?"

"யாரும் இல்லாதப்ப போட்டேன். வெறும் குச்சிக்கு." சொல்லிவிட்டுச் சிரித்தார். "குச்சி நல்லா பறந்துச்சு."

முதலில் வலியை மறைத்தார், பிறகு வலி போனதை மறைத்தார். இரண்டில் எது பாரமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. வலியை மறைத்தபோது பக்கத்தில் எண்ணெய் உருவிவிட நானாவது இருந்தேன். அன்று சாயங்காலம் அவர் சட்டையைக் கழற்றும்போது நான் அடுப்பைப் பார்ப்பது போல இருந்தேன், அந்தக் காலத்தில் இருந்தது போலவே. அவர் மேல் முளையை ஒரு கணம் பார்த்தார். கையை உயர்த்தி, சிரமமே இல்லாமல் அதைத் தொட்டார். சட்டையைக் கீழ் முளையில்தான் மாட்டினார். கடைசி வரைக்கும் அப்படித்தான்.

மகன் வெள்ளையடித்து முடித்துவிட்டான். சுவர் காய்ந்துவிட்டது. நான் கிட்டே போய்ப் பார்த்தேன். மேல் முளை சுவரோடு சுவராக வெள்ளையாக இருக்கிறது. கீழ் முளையில் மட்டும் சுண்ணாம்பு ஒட்டவில்லை. அத்தனை வருஷம் சட்டை உரசி உரசி, மரம் பதனிட்ட தோல் மாதிரி வழவழவென்று ஆகிவிட்டது. மகன் இன்னொரு தடவை அடித்துப் பார்த்தான். அதுவும் வழிந்துவிட்டது.