பர்பாராவின் நேரான மேசை

கடுங்குளிர்ப் பிரதேசமான யாக்கூத்தியாவில் எங்கள் ஊருக்கு அடியில் காலங்காலமாக உறைந்து கிடந்த மண் இளகத் தொடங்கியதிலிருந்து, வீடுகள் தங்கள் இஷ்டத்துக்குச் சாய்கின்றன. மாட்டுப்பண்ணையில் பால் கறந்து ஓய்வுபெற்ற பர்பாராவுக்குச் சாய்வு என்றாலே பிடிக்காது. வீடு கிழக்கே இறங்க இறங்க, மேசை, கட்டில், அலமாரி எல்லாவற்றுக்கும் அடியில் மரக்கட்டைகளைச் செருகி நேராக்கிவிடுவார். அதுவே அவருக்கு வினையாக முடியப் பார்த்தது.

ஆபத்தான வீடுகளில் இருப்பவர்களுக்குப் புது வீடு ஒதுக்க ஆய்வாளர் நியூர்குன் வந்தார். சாய்ந்த தரைகளில் நடந்து பழகிய அவர் கால்களுக்குச் சாய்வு தெரியவில்லை. சாய்வைக் காட்டும் ரசமட்டத்தை மேசைமேல் வைத்தார். குமிழி நட்டநடுவில் நின்றது.

"வீடு நல்லாத்தானே இருக்குக்கா. புது வீடு எதுக்கு?"

"அது மேசை தம்பி, வீடு இல்ல."

"மேசை நேரா இருந்தா வீடும் நேராத்தான் இருக்கும்."

பர்பாரா அவரை மேசைக்குக் கிழக்குப் பக்கமாக உட்காரவைத்து, புளித்த குதிரைப்பாலைக் கிண்ணம் நிறைய ஊற்றி வைத்தார். எதிரே அமர்ந்து, மேசைக்கடியில் இருந்த கட்டைகளைக் காலால் தட்டிவிட்டார். கிண்ணமும் ரசமட்டமும் வழுக்கிக்கொண்டு நியூர்குன் மடியில் விழுந்தன.

"இப்ப சொல்லு தம்பி, எது நேரா இருக்கு?"

நனைந்த கால்சட்டையோடு அவர் ரசமட்டத்தைத் தரையில் வைத்துப் பார்த்தார். குமிழி ஓரத்துக்கே ஓடிவிட்டது. புது வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டவர், வாசலில் தயங்கி நின்றார்.

"அக்கா, வீடு மாறினதும் இந்தக் கட்டையெல்லாம் என்ன பண்ணப்போறீங்க?"

"ஏன் கேக்குற?"

"எங்க ஆபீஸ்ல மேசைமேல பேனா நிக்க மாட்டேங்குது."