முந்தைய பயிற்சியாளருக்குக் காட்டிய ஸ்கோர்

எனக்கு முன்பிருந்த கூடைப்பந்துப் பயிற்சியாளர் வேறு கல்லூரிக்குப் போனபோது, எங்கள் நல்ல ஆட்டக்காரர்களையும் அழைத்துக்கொண்டு போனார். சுங்கை சிப்புட் தோட்டத்துப் பையன்களை வைத்து நான் புதிதாக அணி கட்டினேன். இரண்டு ஆண்டுகள் தோற்றுக்கொண்டே இருந்தோம்.

"தோத்த கணக்கப் பாத்தாலே தெரியுது, ஆள மாத்துங்கலா" என்று அந்தப் பழைய பயிற்சியாளர் எங்கள் கல்லூரி முதல்வரிடமே சொன்னார். முதல்வர் எனக்கு இன்னும் ஓராண்டுதான் கொடுத்தார்.

போன மாதம் ஈப்போவில் அவருடைய அணியோடு மோதினோம். கடைசி நிமிடங்களில் அவர்களால் எட்ட முடியாத முன்னிலை எங்களுக்கு. அந்த நிலையில் மாற்று ஆட்டக்காரர்களை இறக்குவதுதான் மரியாதை.

"போதும் அண்ணே, பெஞ்சுல உள்ளவனுங்கள எறக்கலாம்லா," என்றார் என் உதவியாளர்.

"அவரு கணக்குதானே பாத்தாரு? முழுசா பாக்கட்டும்."

விசில் ஊதும்வரை ஒருவரையும் மாற்றவில்லை. கைகுலுக்க வந்தவருக்கு ஸ்கோர் பலகையைக் காட்டினேன்.

"இதையும் முதல்வர்கிட்ட சொல்லிருங்க அண்ணே. அங்கதான் உக்காந்திருக்காரு."