மாமாவுக்குத் தெரியாத ஒயரிங்

அப்பாவின் மோட்டார் சைக்கிளில் கூடுதலாக இரண்டு விளக்குகள் வந்து சேர்ந்த அந்த மார்கழியில் எங்கள் வீட்டில் யாரும் ஒரு இடத்தில் உட்காரவில்லை. அப்பா மைன்ஸில் மண் தள்ளும் டோசர் ஓட்டுகிறவர். பனியில் முதல் ஷிப்டுக்குப் போகும்போது ரோடு தெரியவில்லை என்று அவர் சொல்ல, மாமா பண்ருட்டியிலிருந்து விளக்குகளை வாங்கிவந்து மாட்டிக் கொடுத்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி; அக்கா புருஷன் என்பதால் அப்பாவை அவரும் மாமா என்றுதான் கூப்பிடுவார். கம்மாபுரம் பக்கத்திலிருந்து வந்துபோகும் கான்ட்ராக்ட் எலெக்ட்ரீஷியன். தன் கை பட்ட ஒயர் இதுவரை தீய்ந்ததே இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். கேட்காதவர்களிடமும் சொல்வார்.

விளக்கு எரிந்த முதல் நாளே அப்பா குறை சொன்னார். அதில் நியாயமும் இருந்தது. ஹாரனை அழுத்தினால் இரண்டு விளக்கும் மங்கின, ஹேண்டில்பாரை இடது பக்கம் திருப்பினால் ஒன்று அணைந்தே போனது. மாமா வண்டியை எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் நிறுத்தி டேங்கைக் கழற்றினார். கழுத்துப் பகுதியில் ஒரு ஒயர் நசுங்கியிருந்தது. எர்த் ஒயரை பெயின்ட் மேலேயே முறுக்கி வைத்திருந்தார். அந்த இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி மாட்டினார். இதெல்லாம் யார் செய்த தப்பு என்று நான் கேட்டதற்கு, கம்பெனிக்காரன் செய்த தப்பு என்றார்.

அதன்பிறகு ஹாரன் அடித்தாலும் விளக்கு மங்கவில்லை, எந்தப் பக்கம் திருப்பினாலும் அணையவில்லை. ஆனாலும் அப்பாவுக்குத் திருப்தி வரவில்லை.

"மாப்ள, வெளிச்சமே பத்தல. கொசுவத்தி கொளுத்தின மாதிரி இருக்கு."

"மீட்டரு வெச்சிப் பாத்துகினுதான் இருக்கேன் மாமா. கரண்டு நல்லாத்தாங்க வர்து."

"கரண்ட் வருது, வெளிச்சம் வரல. கான்ட்ராக்ட் வேலைன்னா இப்படித்தான்."

பெர்மனென்ட் அப்பா கான்ட்ராக்ட் மாமாவை வாரும்போதெல்லாம் நான் அப்பா கட்சி. மாமா முகம் சுருங்கும். ரிலேவை மாற்றினார். ஸ்விட்சை மாற்றினார். ஃப்யூஸைப் பிடுங்கி, ஊதி, மறுபடி சொருகினார். அப்பா வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தபடியே இருப்பார். சாப்பாட்டில் பாதியில் எழுந்து போய் ஸ்விட்சைத் தட்டிப் பார்த்துவிட்டு வருவார். எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. தினமும் சாயங்காலம் என்னை பஜாருக்குக் கூட்டிப்போய் பஜ்ஜி வாங்கித் தருகிறவர், பொழுது சாய்ந்தால் வண்டியைத் தொடுவதே இல்லை. கேட்டால், லைட்டு சரியாகட்டும் என்பார். என் பஜ்ஜி அந்த ஒயருக்குள் எங்கேயோ மாட்டிக்கொண்டு கிடந்தது.

அம்மாவுக்கு வேறு கிறுக்கு பிடித்திருந்தது. பொரியலில் கேரட், சாம்பாரில் கேரட், நான் ஆசையாகக் கேட்ட கேசரிக்குப் பதில் கேரட் அல்வா. மிச்ச நாளுக்கு முருங்கைக்கீரை. எனக்கு ஏன் இந்தத் தண்டனை என்று சண்டை போட்டேன். சாப்பிட்டா உனக்கும் நல்லதுதான் என்றாள் அம்மா. அந்த 'உம்'மை நான் கவனிக்கவில்லை.

அடுத்த மாதம் அப்பாவுக்கு மெடிக்கல் இருந்தது. மெஷின் ஓட்டுகிறவர்களை அவ்வப்போது கூப்பிட்டுக் கண், காது எல்லாம் பார்ப்பார்கள். கண் சரியில்லையென்றால் மெஷினிலிருந்து இறக்கிவிடுவார்கள். டோசர் ஆபரேட்டர் என்று சொல்லித்தான் அப்பா அம்மாவைப் பெண் கேட்டாராம். அந்த சீட்டின்மேல் அவருக்கிருந்த பெருமை எங்கள் மேல்கூட இருந்ததா என்று சந்தேகம்தான். வீட்டில் மெடிக்கல் என்ற சொல் வந்தாலே அப்பா எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். எனக்கோ மெடிக்கல் என்றால் பள்ளிக்கூடத்தில் உயரமும் எடையும் பார்ப்பதுதான். அதில் யாரும் ஃபெயிலாகி நான் பார்த்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் மாமா ஒரு முடிவோடு வந்தார். அப்பாவை வண்டியில் உட்காரவைத்து, என் கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனைக் கொன்றை மரத்தடிக்குப் போனார். "இப்ப போடுங்க மாமா" என்று கத்தினார்.

விளக்கு வந்தது. எனக்குக் கண் கூசியது. எங்கள் நிழல் இரண்டும் பின்னாலிருந்த காம்பவுண்டுச் சுவரில் நெடுநெடுவென்று விழுந்தன. மாமாவின் கன்னத்தில் முளைத்திருந்த தாடியை எண்ணிவிடலாம் போலிருந்தது. அவர் ஜெயித்த களையோடு இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். நானும் குதித்துக் குதித்து ஆட்டினேன்.

"போய்ச் சேந்துட்டீங்களா?" அப்பாவின் குரல் வந்தது. "எங்க நிக்கிறீங்க? ஆளையே காணோமே."

மாமா இன்னும் உயரமாகக் கையை ஆட்டினார்.

"ஏம்மா, நீயாவது குரல் குடு."

மாமாவின் கைகள் மெதுவாகக் கீழே வந்தன. அந்த வெளிச்சத்திலேயே நின்று அப்பா பக்கம் உற்றுப் பார்த்தார். எந்த ஒயரில் கோளாறு என்று யோசிக்கிறார் போல என்று நினைத்தேன். பிறகு என்னை இழுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார்.

"நீங்க சொன்னது சரிதான் மாமா. வெளிச்சமே வர்ல. நாந்தான் ஒயரிங்க தப்பாப் பண்ணி வெச்சிருக்கேன்."

"இல்லப்பா, எனக்குக் கண்ணே கூசுச்சு" என்றேன். மாமா என் கையை அழுத்தினார். வலித்தது.

அப்பாவின் முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு ஒரு தெளிவு. "நான் அப்பவே சொன்னேன்ல" என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார். பாதி சீவிய கேரட்டோடு வாசலில் நின்ற அம்மா தன் தம்பியைப் பார்த்தாள். அவர் குனிந்து வண்டியின் மெயின் ஃப்யூஸைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"இத சரி பண்ற வரிக்கும் வண்டிய எடுக்காதீங்க. நல்ல ஸ்விட்சு பாண்டிச்சேரிலதான் கெடைக்கும். நாளிக்கு லீவு போட்டுட்டு நீங்களும் வாங்க மாமா, பாத்து வாங்கலாம்."

அந்த ஸ்விட்ச் பண்ருட்டியில் கடைக்குக் கடை தோரணமாகத் தொங்குவதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் என் கோபமெல்லாம் பீச்சுக்கு என்னைக் கூட்டிப்போகவில்லையே என்பதில் இருந்தது.

மறுநாள் பொழுது சாய்ந்து பஸ்ஸிலிருந்து இறங்கியபோது அப்பா மாமாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்துவந்தார். இவர்கள் எப்போது இவ்வளவு ராசியானார்கள் என்று எனக்கு ஆச்சரியம். மெடிக்கலுக்கு அப்பா காத்திருக்கவில்லை. அந்த வாரமே தானே போய்ச் சொல்லிவிட்டார். அவரை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். ஷிப்ட் இல்லை, பகல் டியூட்டி மட்டும். எனக்கு ஒரே கொண்டாட்டம். வண்டியை மாமா எடுத்துக்கொண்டார். அந்த விளக்குகளுக்கு அதன்பிறகு ஒரு ரிப்பேரும் வரவில்லை.

பாண்டிச்சேரியிலிருந்து திரும்பிய அன்று வீட்டுக்குள் வந்ததும் அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா தண்ணீர் டம்ளரை அவர் விரல்கள் மூடிக்கொள்ளும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் எழுந்து நடக்கவே இல்லை. மாமாவின் பையைக் கவிழ்த்துப் பார்த்தேன். கண்ணில் விடும் சொட்டு மருந்து இரண்டு இருந்தன. ஸ்விட்ச் இல்லை.

"நாள் பூரா சுத்திட்டு ஒரு ஸ்விட்ச் வாங்கத் தெரியல. உனக்கு ஒயரிங்கே தெரியாதா மாமா?"

மாமா என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார்.

"தெரிலம்மா" என்றார்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்பாவும் சேர்ந்துகொள்வார் என்று திரும்பினேன். மாமாவை வாருவதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் அவருக்குக் கிடைத்ததே இல்லை. அவர் டம்ளரைப் பிடித்தபடி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். பஸ்ஸில் வந்த களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.