குவாரி மூடியதும் குண்டானவர்

கல்குவாரி மூடிய முதல் வாரம், கொடியில் போட்ட வெள்ளைச் சட்டை வெள்ளையாகவே காய்ந்தது. திருவக்கரைப் பக்கம் வாக்கப்பட்டு வந்ததிலிருந்து நான் அப்படி ஓர் அதிசயத்தைப் பார்த்ததில்லை. எங்கள் தெருவுக்குப் பின்னாலேயே குவாரி, அதை ஒட்டி ஜல்லி உடைக்கும் கிரஷர். முருங்கைக் கீரையை இரண்டு தண்ணீர் அலசினால்தான் அது பச்சை என்றே தெரியும்.

ஏன் மூடினார்கள் என்றால், சென்னையில் வீடு கட்டுகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டார்களாம். பாதிக் கட்டடங்கள் அப்படியே நிற்க, ஜல்லியைக் கேட்பாரில்லை. "கொஞ்ச நாளு ஊட்ல இருங்க, சொல்லி அனுப்புறேன்" என்று மேஸ்திரி எல்லோரையும் அனுப்பிவிட்டார். என் வீட்டுக்காரர் பாறையில் மிஷின் வைத்துக் குழி போடுகிறவர். அந்தக் குழியில் மருந்தை அடைத்துத்தான் வேட்டு வைப்பார்கள். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு பாறை விளிம்பில் தொங்குகிற மனிதர் வீட்டில் உட்கார்ந்தால் என்ன செய்வார்? என் குழம்பில் குற்றம் கண்டுபிடித்தார்.

ஆனால் ஒன்று, கொஞ்ச நாளில் அவருடைய இருமல் நின்றுவிட்டது. அதுவரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூங்குவார். படுத்தால் மூச்சு முட்டும். இப்போது பாயில் மல்லாந்து படுத்துக் குறட்டை விட்டார். அந்தக் குறட்டை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. வருமானம் போனால் போகிறது, ஆள் தேறிவிட்டார் என்று நினைத்தேன். நான் களையெடுக்க, மல்லாட்டை பிடுங்க என்று கூலிக்குப் போனேன். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். கேப்பைக் கூழும் கருவாடுமாக வீடு ஓடியது.

அவர் உடம்பும் ஏறியது. கன்னம் உப்பியது, சட்டைப் பொத்தான் மூட மறுத்தது. "இன்னாம்மே, உன் ஊட்டுக்காரரு புது மாப்ள கணக்கா ஆயிட்டாரு" என்று பக்கத்து வீட்டு அக்கா கிண்டல் செய்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதெல்லாம் வெல்லத்தின் வேலை என்று அப்போது தெரியாது.

குவாரி ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. வேலை முடிந்ததும் ஓர் உருண்டை வெல்லம், ஒரு வாழைப்பழம். உள்ளே போன தூசியை வெல்லம் இழுத்துக்கொண்டு போய்விடும் என்பார்கள். வேலை நின்றால் வெல்லமும் நிற்க வேண்டும் அல்லவா? இவர் யோசனையே வேறு.

"இத்தினி வருஷத் தூசி உள்ள இருக்குது. இப்பதான் புதுசா எதுவும் போவல. இந்த டயத்துலயே மொத்தத்தயும் க்ளீன் பண்ணிடணும்."

வண்டியை சர்வீசுக்கு விட்ட நினைப்பு அவருக்கு. காலையில் ஓர் உருண்டை, பொழுது போகாவிட்டால் ஓர் உருண்டை, கவலை வந்தால் இன்னொன்று. வேலையில்லாத வீட்டில் கவலைக்கா பஞ்சம்?

பிறகு தாகம் வந்தது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். ஒரு நாள் கண் இருட்டிக்கொண்டு வருகிறது என்று சொல்லவும், திண்டிவனத்துக்கு பஸ் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். சர்க்கரை தாறுமாறாக ஏறியிருந்தது. நெஞ்சையும் படம் எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்து, வெள்ளைத் திட்டுகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். எல்லாம் தூசி போட்ட தழும்பு, இனி மறையாது என்றார். வெல்லக் கதையைச் சொன்னதும் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"வெல்லம் வயித்துக்குப் போவுது, தூசி நுரையீரலுக்குப் போவுது. ரெண்டும் வேற வேற ரோடுங்க. வெல்லத்த நிறுத்துங்க. நல்லா நடங்க, வேலை செய்யுங்க. ஆனா குவாரிக்கு மட்டும் போவாதீங்க. இன்னும் தூசி சேந்தா மூச்சே நின்னுடும்."

வெல்லத்தை அன்றைக்கே விட்டார். அதில் நேர்மையான ஆள்தான். ஆனால் சென்னைக்காரர்கள் மறுபடி வீடு கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். குவாரியில் வேட்டுச் சத்தம் கேட்டதும் தெருவே சந்தோஷப்பட்டது. எனக்கும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அடுத்த நொடியே பகீரென்றது.

"போவாதய்யா" என்றேன்.

"டாக்டரம்மாவே வேலை செய்யச் சொன்னாங்க இல்ல?"

"குவாரி வேணாம்னு சொன்னாங்களே, அது காதுல உழலியா?"

"அப்ப என்னா பண்ணச் சொல்ற? பொம்பளைங்களோட சேந்து மல்லாட்டை புடுங்கவா?"

குவாரிக் கூலிக்குப் பக்கத்தில்கூட என் கூலி வராது. மறுநாள் காலையில் கிளம்பிவிட்டார். சோறு கட்டிக் கொடுக்கக் கூடாது என்று வீம்பாகத்தான் இருந்தேன். ஆனாலும் கட்டிக் கொடுத்துவிட்டேன்.

மல்லாட்டைக் கொல்லையில் அன்றைக்கு நான் பிடுங்கிய வேகத்தைப் பார்த்துக் கூட இருந்த பெண்கள் பயந்தார்கள். செடியோடு மண்கட்டியும் பெயர்ந்து வந்தது. நெஞ்செல்லாம் அவர் மேல் கோபம், அதற்குக் கீழே அழுகை. உச்சி வெயிலில் வரப்பு மேல் யாரோ நடந்து வந்தார்கள். நிமிர்ந்து பார்த்தால் அவர்தான். சாப்பாட்டுத் தூக்கு திறக்கப்படாமல் கையில் தொங்கியது.

"இன்னா மாமா, வழி மாறி வந்துட்டியா?" என்று ஒருத்தி கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அவர் என் பக்கத்தில் குந்தி ஒரு செடியைப் பிடித்து இழுத்தார். தழை மட்டும் கையோடு வந்தது, காயெல்லாம் மண்ணுக்குள் நின்றுவிட்டது.

"இன்னாய்யா ஆச்சு?"

"ஒரு குழி போட்டேன். தூசி குப்புனு எழும்பிச்சு. அந்தப் படம் கண்ணு முன்னால வந்து நின்னுடுச்சு." இன்னொரு செடியைத் தொட்டார், இழுக்கவில்லை. "பயமா இருந்துச்சும்மே. மிஷின வெச்சிட்டு வந்துட்டேன்."

பாறையிலிருந்து சறுக்கித் தோள்பட்டை இறங்கிய நாளில்கூட அவர் வாயில் வராத வார்த்தை அது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் குனிந்து செடியைப் பிடுங்க ஆரம்பித்தார்கள். நான் அடியோடு சேர்த்துப் பிடித்து, லேசாக ஆட்டிவிட்டு இழுக்க வேண்டும் என்று செய்து காட்டினேன்.

பொழுது சாயும்வரை பிடுங்கினார். நான் பிடுங்கியதில் பாதிகூட அவர் பிடுங்கவில்லை. இந்தக் கூலியில் குடும்பம் எப்படி ஓடும், பருவம் முடிந்தால் என்ன செய்வது என்றெல்லாம் மனம் ஓடிக்கொண்டேதான் இருந்தது. கிளம்பும்போது கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, எதற்கும் யாரிடமும் அனுமதி கேட்டுப் பழக்கமில்லாத அந்த மனிதர் என் முகத்தைப் பார்த்தார்.

"நாளைக்கும் வரட்டுமா?"

"வாய்யா" என்றேன்.